அங்கன்வாடியில் குழந்தைகள் எப்போது பேசுகிறார்கள்?

அங்கன்வாடிக்குள் வெளியாள் யாராவது நுழைந்தால் என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். குழந்தைகள் எழுந்து நின்று ஒரே குரலில் வணக்கம் சொல்வார்கள். டீச்சர் கண்ணைக் காட்டியதும் கையை ஆட்டி, தலையை ஆட்டி ஒரு பாட்டு வரும். அப்புறம் கிழமைகள், மாதங்கள், பழங்கள், காய்கறிகள். வந்தவர் கைதட்டிப் பாராட்டுவார். குழந்தைகள் நன்றாகப் பேசுகிறார்கள் என்று எழுதிவைத்துவிட்டுப் போவார்.

பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். சேர்ந்து பாடும்போது கூச்சம் விலகும், சந்தம் காதில் தங்கும். எதுகையும் மோனையும் கேட்டுப் பழகிய காது பின்னாளில் எழுத்தைப் பிரித்து வாசிக்கத் தயாராக இருக்கும். ஆனால் கிழமைகளை முழங்கிய அதே குழந்தையிடம் "நேத்து ஏன் வரல?" என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் பதில் சொல்லாமல் டீச்சரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கேள்வி புரியாமல் இருக்காது. இந்த இடத்தில் தன்னிடம் ஒருவர் இப்படிக் கேட்பார், அதற்குத் தன் சொந்த வார்த்தையில் பதில் சொல்லலாம் என்ற பழக்கம் அந்தக் குழந்தைக்கு வந்திருக்காது. வீட்டில் வாய் ஓயாத பிள்ளையாகக்கூட அது இருக்கும்.

சின்னக் குழந்தையின் மொழி, பெரியவர் ஒருவரோடு மாறி மாறிப் பேசும் பேச்சில்தான் வளர்கிறது. அங்கன்வாடியில் அந்தப் பேச்சுக்கு அதிக இடம் தரும் நேரங்கள் கை கழுவும் நேரம், சாப்பிடும் நேரம், அம்மா விட்டுவிட்டுக் கிளம்பும் நேரம், தூங்கி எழும் நேரம். நாமோ முன்பருவக் கல்வி என்று கால அட்டவணையில் எழுதியிருக்கும் நேரத்தை மட்டுமே மொழிக்கான நேரமாக எண்ணுகிறோம். மற்ற நேரமெல்லாம் பராமரிப்பு என்று ஒதுங்கிவிடுகிறது. என் பார்வையில் இந்தக் கணக்கைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

இந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பள்ளிப் பருவத்துக்கு முந்தைய குழந்தைகளின் வளர்ச்சி பற்றி மினா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-இல் அறிக்கை தந்தது. உணவு, உடல்நலம், விளையாட்டு, கல்வி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தர வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்து, குழந்தைகள் மையம் என்றாலே சோறு போடும் இடம் என்ற எண்ணம் ஊருக்கு ஊர் வேரூன்றியது. பசியைப் போக்கியது பெரிய காரியம். அதன் அருமையை யாரும் குறைத்துப் பேச முடியாது. இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் மாநிலம் முழுக்க இயங்குகின்றன. ஆனால் சாப்பாடு ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம் என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

காது முதலில் பழகுகிறது

தமிழ் பேசும் வீட்டில் பிறந்தவருக்குப் பத்தும் பட்டும் வேறு வேறாகக் கேட்கின்றன. இங்கிலீஷ் மட்டுமே கேட்டு வளர்ந்தவருக்கு அவை ஏறக்குறைய ஒன்றுதான். கனடாவில் ஜேனட் வெர்க்கர் குழுவினர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இது எப்போது தொடங்குகிறது என்று பார்த்தது. இந்தியில் உள்ள த, ட ஒலிகளை இங்கிலீஷ் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கவைத்தார்கள். 6 முதல் 8 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் இரண்டையும் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது. முதல் வார்த்தை வருவதற்கு முன்பே, தன்னைச் சுற்றிப் புழங்கும் மொழிக்குக் காது தன்னைத் தயார் செய்துகொள்கிறது.

அப்படியானால் டிவியிலோ போனிலோ நல்ல தமிழைப் போட்டுவிட்டால் போதுமா? அமெரிக்காவில் பட்ரீசியா கூல் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. இங்கிலீஷ் வீடுகளைச் சேர்ந்த 9 மாதக் குழந்தைகளோடு, சீன மொழி பேசுபவர்கள் 12 அமர்வுகளில் உட்கார்ந்து விளையாடினார்கள், கதை சொன்னார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்களின் அதே பேச்சை வீடியோவிலும் ஒலிப்பதிவிலும் கேட்ட குழந்தைகள் எதையும் கற்கவில்லை. கண்ணைப் பார்த்து, சிரித்து, குழந்தை திரும்பும் பக்கம் தானும் திரும்பிப் பேசும் ஓர் ஆள் அங்கே தேவைப்பட்டார். 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. மையத்துக்கு ஸ்மார்ட் டிவி வாங்கித் தர முன்வரும் நன்கொடையாளர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம். அந்தப் பணத்தில் எத்தனையோ படப் புத்தகங்கள் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வசதியான வீட்டுக் குழந்தை ஏழை வீட்டுக் குழந்தையைவிட மூன்று வயதுக்குள் 3 கோடி வார்த்தை கூடுதலாகக் கேட்கிறது என்ற ஒரு கணக்கு உலகம் முழுக்கச் சுற்றியது. பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும் 42 அமெரிக்கக் குடும்பங்களைப் பதிவுசெய்து 1995-இல் எழுதியது அது. பிறகு வந்த ஆய்வாளர்கள் அதைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். பாட்டி, அத்தை, அண்ணன், பக்கத்து வீட்டார் என்று சுற்றியிருப்பவர்களின் பேச்சையெல்லாம் சேர்த்தால் அந்த இடைவெளி அப்படியே நிற்பதில்லை என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டு ரேச்சல் ரோமியோ குழுவினர் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் வேறொன்றைக் கண்டார்கள். பெரியவர் எத்தனை வார்த்தை பேசினார் என்பதைவிட, பெரியவரும் குழந்தையும் எத்தனை முறை மாற்றி மாற்றிப் பேசினார்கள் என்பதுதான் மூளையின் மொழிப் பகுதி இயங்கும் விதத்தோடு ஒத்துப்போனது. குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். எனக்கு இந்த முடிவு பெரிய நம்பிக்கை தருகிறது. குடும்ப வருமானத்தை அங்கன்வாடி டீச்சரால் மாற்ற முடியாது. தினமும் ஒரு குழந்தையோடு நான்கு முறை கூடுதலாகப் பேச முடியும்.

முட்டை நாள்

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் வாரம் மூன்று நாள் முட்டை. அன்று சாப்பாட்டு நேரத்தில் நடக்கக்கூடிய ஒரு சின்னப் பேச்சை எடுத்துக்கொள்வோம். மூன்று வயதுப் பிள்ளை தட்டைக் காட்டி, "டீச்சர், முட்ட உடஞ்சிருச்சு" என்கிறது. "பரவால்ல, சாப்பிடு" என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கூட்டத்தில் அப்படிச் சொல்லத்தான் வரும். அது தப்பும் இல்லை. ஆனால் இப்படியும் போகலாம்:

"அச்சச்சோ, உடஞ்சிருச்சா? எப்படிடா?"

"விழுந்துச்சு."

"கீழ விழுந்து உடஞ்சிருச்சா? உள்ள என்ன தெரியுது பாரு."

"மஞ்ச."

"ஆமா, மஞ்சக்கரு. அது எப்படி இருக்கு? தொட்டுப் பாரு."

"... மாவு மாரி."

"மாவு மாதிரி உதிருதா! வெள்ளக்கரு அப்படி உதிருமா?"

ஒரு நிமிடம்கூட ஆகாது. இதற்குள் என்னென்ன நடந்தன என்று பாருங்கள். பேச்சைத் தொடங்கியது குழந்தை, டீச்சர் அதையே பிடித்துக்கொண்டார். குழந்தை சொன்ன ஒற்றைச் சொல் முழு வாக்கியமாகித் திரும்பி வந்தது. மஞ்சக்கரு என்ற சொல், அந்தப் பொருள் கையில் இருக்கும்போதே காதில் விழுந்தது. மாவு மாரி என்று குழந்தை தானாக ஓர் ஒப்புமை சொன்னது; அதை ஏற்றுக்கொண்டு உதிர்வது என்ற வினையை டீச்சர் பக்கத்தில் வைத்தார். கடைசியில் அடுத்த யோசனைக்கு ஒரு கேள்வி.

சுவரில் ஒட்டியிருக்கும் அட்டைகளைக் கவனித்தால், அவை பெரும்பாலும் பெயர்ச்சொற்கள்: பழம், விலங்கு, வாகனம், நிறம். அவற்றைக் காட்டி "இது என்ன?" என்று கேட்கலாம், அதற்கு மேல் பேச்சு நகர்வது கஷ்டம். வாக்கியத்தை நடத்திச் செல்பவை வினைச்சொற்கள். அவை சாப்பாட்டு நேரத்தில் குவிந்து கிடக்கின்றன. உரி, பிசை, கடி, மெல்லு, விழுங்கு, உறிஞ்சு, நக்கு, கிள்ளு, சிந்து, துடை. சூடா இருக்கு, ஆறிடுச்சு, கொழகொழன்னு இருக்கு. கறிவேப்பிலையை ஏன் ஒதுக்கிவைக்கிறாய், காரமா, கசப்பா? எந்த அட்டையாலும் இதைத் தர முடியாது. குழந்தை அதைச் செய்துகொண்டிருக்கும்போதே சொல்லும் கேட்க வேண்டும்.

இதில் ஒரு சின்னப் பயிற்சி தேவைப்படுகிறது: கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970-களில் கண்டார். அதை மூன்று வினாடி ஆக்கியதும் குழந்தைகளின் பதில் நீண்டது, இதுவரை வாயே திறக்காத பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். அவர் பார்த்தது பள்ளிக் குழந்தைகளை. மூன்று வயதுக் குழந்தைக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். வார்த்தையைத் தேடி எடுத்து, நாக்கைச் சரிசெய்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொல்ல வேண்டுமே. அந்த இடைவெளியில் நாம் பதிலை எடுத்துக் கொடுத்துவிட்டால் குழந்தையின் வேலை முடிந்துவிடுகிறது.

தப்பாகச் சொன்னால் திருத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். "நாளைக்கு நாங்க ஊருக்குப் போனோம்" என்று இந்த வயதில் நிறையப் பிள்ளைகள் சொல்லும். "நாளைக்கு இல்ல, நேத்துன்னு சொல்லு" என்றால் சொல்லும், ஆனால் ஊர்க் கதை நின்றுவிடும். "ஓ, நேத்து ஊருக்குப் போனீங்களா? பஸ்லயா போனீங்க?" என்றால் சரியான வடிவமும் காதில் விழும், கதையும் ஓடும். பழம் பயமாகவும் பளமாகவும் வருவதைப் பற்றி இந்த வயதில் கவலைப்பட வேண்டாம். ழகரமும் றகரமும் நாக்குக்குத் தாமதமாக வரும். நாம் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது வாக்கியம் வளரும் விதம். பால் என்பது பால் வேணும் ஆகி, எனக்குப் பால் வேணும் ஆகி, ஒருநாள் "அம்மா வந்தா குடிப்பேன்" ஆகும். வந்தா என்று ஒரு குழந்தை சொன்னால், இன்னும் நடக்காத ஒன்றை மனதில் வைத்துப் பேசுகிறது என்று அர்த்தம். "அம்மா வரேன்னு சொன்னாங்க" என்றால், இன்னொருவர் சொன்னதைத் தன் வாக்கியத்துக்குள் வைக்கக் கற்றிருக்கிறது. அதனால, ஏன்னா, அப்புறம் என்ற சொற்கள் எப்போது வருகின்றன என்று பாருங்கள். பத்துப் பழத்தின் பெயரை ஒப்பிப்பதைவிட இவையெல்லாம் பெரிய செய்தி. மதிப்பீட்டு அட்டையில் இவற்றை எழுத இடம் ஒதுக்கினால் டீச்சர்களின் கவனமும் அந்தப் பக்கம் போகும்.

ஆயாம்மா

முட்டையை உரித்துக் கொடுப்பவர், கை கழுவிவிடுபவர், அழும் குழந்தையை இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்பவர், பெரும்பாலும் உதவியாளர்தான். குழந்தைகளுக்கு அவர் ஆயாம்மா. பேச்சுக்கு வாய்ப்புள்ள நேரங்கள் பாதிக்கும் மேல் அவர் கையில் இருக்கின்றன. ஆனால் மொழிப் பயிற்சி என்று வரும்போது பணியாளரான டீச்சரைத்தான் முதலில் நினைக்கிறோம். எனக்கு இது நெடுநாளாகவே உறுத்தலான விஷயம். அதே ஊர்க்காரர், அதே தெருப் பேச்சு, குழந்தையின் பாட்டியையும் தெரியும், வீட்டு ஆடு குட்டி போட்டதும் தெரியும். பேசுவதற்கு அவரிடம் இருக்கும் விஷயங்கள் வேறு யாரிடமும் இல்லை. "உங்க வீட்டு வெள்ளாடு குட்டி போட்டுச்சாமே, எத்தன குட்டி?" என்று அவர் கேட்டால், மாதக்கணக்கில் பேசாத பிள்ளையும் பேசும். சமையல் முடிந்ததும் பாத்திரம் தேய்க்க ஓட வேண்டியிருப்பதால்தான் அவரால் உட்கார முடிவதில்லை. பயிற்சிக்கு அவரையும் கூப்பிடுங்கள். குழந்தைகளோடு உட்கார்ந்து பேசுவதும் அவருடைய வேலைதான் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

கதை நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதன் அருமை எல்லோருக்கும் தெரியும். ஒரு விஷயம் மட்டும். இருபது பிள்ளைகளை உட்காரவைத்துப் படித்துக் காட்டுவதும், ஐந்து பேரைச் சுற்றி உட்காரவைத்துப் படத்தைக் காட்டிப் பேசுவதும் வேறு வேறு. படத்தைக் காட்டிப் பேசும் வழியை, குரோவர் வைட்ஹர்ஸ்ட் 1988-இல் வீட்டில் பெற்றோர் தங்கள் குழந்தைக்கு வாசிக்கும்போது சோதித்துப் பார்த்தார். பெரியவர் வாசித்துக்கொண்டே போகாமல், குழந்தையைப் பேசவிட்டு, அது சொன்னதை நீட்டி, அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். நாள் போகப் போகக் குழந்தையே கதை சொல்பவராகும். ஒரே புத்தகத்தை ஒரு வாரம் வைத்துக்கொண்டால்தான் இது நடக்கும். புதுப் புத்தகம் இல்லையே என்று தவிக்க வேண்டாம், பிள்ளைகள் பழைய கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சென்னையிலிருந்து துலிகா போன்ற பதிப்பகங்கள் தமிழில் நல்ல படப் புத்தகங்கள் கொண்டுவருகின்றன. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. புத்தகத்தில் வந்தது என்று இருக்கும், நாம் வந்துச்சு என்போம். இரண்டையும் கேட்கட்டும். வாசிக்கும்போது எழுத்துத் தமிழ், பேசும்போது வீட்டுத் தமிழ் என்று குழந்தைகள் சீக்கிரமே பிரித்துக்கொள்வார்கள். கதையைப் பற்றிப் பேசும்போதும் டீச்சர் எழுத்துத் தமிழிலேயே பேசினால்தான் அவர்கள் வாய் அடைத்துப் போகிறது.

வேறு மொழி பேசும் வீட்டிலிருந்து

மதுரையில் சௌராஷ்டிரம், ஓசூரில் தெலுங்கும் கன்னடமும், வாணியம்பாடியில் உருது, நீலகிரியில் படுகு, இருளம். நரிக்குறவர் குடியிருப்புகளில் வாக்ரிபோலி. திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இப்போது இந்தி, ஒடியா, வங்காளம். தமிழ்நாட்டு அங்கன்வாடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத் தமிழ்தான் முதல் மொழி என்று இருக்க வேண்டியதில்லை.

இப்படி வரும் குழந்தை சில வாரம், சில நேரம் சில மாதம் எதுவும் பேசாமல் இருக்கும். கேட்டுக்கொண்டிருக்கிறது, வேறொன்றும் இல்லை. அந்தக் காலத்தில் நாம் பேசுவதை நிறுத்தக் கூடாது. பதில் சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. சைகையில் காட்டினால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, அதைத் தமிழில் சொல்லிக் காட்டலாம். குழந்தையைச் சேர்க்கும் அன்றே அம்மாவிடம் தண்ணீர், பசி, வலி, ஒண்ணுக்கு, அம்மா என்று ஐந்தாறு வார்த்தைகளை அவர்கள் மொழியில் கேட்டு எழுதிவைத்துக்கொண்டால் முதல் வாரத்து அழுகை பாதி குறையும். "வீட்லயும் தமிழ்லயே பேசுங்க" என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் உண்டு. அதைச் சொல்லவே கூடாது. அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த மொழியில்தான் அவரால் கதை சொல்ல முடியும், காரணம் விளக்க முடியும், கொஞ்ச முடியும். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாகாது.

இங்கிலீஷ் ஆசைக்கும் இதே பதில்தான். பக்கத்துத் தெரு நர்சரியில் பிள்ளைகள் இங்கிலீஷ் ரைம்ஸ் சொல்கிறார்கள் என்று பெற்றோர் மனம் அங்கே போகிறது. அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் அரசு எல்கேஜி, யுகேஜி தொடங்கியதற்கும் இதுவே பின்னணி. ஆனால் தனக்குச் சரளமாக வராத மொழியில் பேசும் டீச்சரால் சிட் டவுன், கம் ஹியர், குட் என்பதற்கு மேல் குழந்தையோடு பேச முடியாது. மாவு மாதிரி உதிருதா என்று அவரால் கேட்க முடியாது. இங்கிலீஷ் பாட்டு நாலு இருக்கட்டும், பேச்சு அவருடைய சொந்த மொழியில் இருக்கட்டும்.

எழுத்து விஷயத்திலும் அவசரம் அதிகம். தமிழில் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் சேர்த்து 247. இப்படிப்பட்ட எழுத்துமுறையில் எல்லா வடிவங்களும் கைவர ஆரம்பப் பள்ளியில் பல ஆண்டு ஆகும் என்பதைச் சோனாலி நாக் கன்னடக் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. மூன்று வயதில் சிலேட்டில் அகரத்தை எழுதவைப்பதால் அந்தப் பயணம் சுருங்காது. ஆனாலும் பெற்றோர் வந்து "இன்னும் எழுதவே சொல்லித் தரலையா?" என்று கேட்கும்போது டீச்சருக்குச் சங்கடம்தான். மாநிலத்தின் பாடத்திட்டமான ஆடிப்பாடி விளையாடு பாப்பா விளையாட்டையும் பாட்டையும் பேச்சையும் மையமாக வைத்துத்தான் எழுதப்பட்டது. அதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லும் வேலையை டீச்சர் தலையில் மட்டும் போடாமல், துறையே செய்ய வேண்டும்.

கை போதவில்லை

இதையெல்லாம் படிக்கும் அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர், எங்களுக்கு எங்கே நேரம் என்று கேட்பார். நியாயமான கேள்வி. எடை எடுக்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும், சத்துமாவு கொடுத்துக் கணக்கு எழுத வேண்டும், கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போக வேண்டும், தடுப்பூசி நாளில் கூட்டம் சேர்க்க வேண்டும். 2021 முதல் போஷன் ட்ராக்கர் செயலியில் தினமும் பதிவேற்ற வேண்டும். பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் அவருக்குத்தான். மூன்று வயதுக்கு மேற்பட்ட 20 குழந்தைக்கு ஒருவர், மூன்றுக்குக் கீழே 10 குழந்தைக்கு ஒருவர் என்பது பள்ளிக்கு முந்தைய குழந்தைகளின் பராமரிப்புக்கும் கல்விக்குமாக 2013-இல் வந்த தேசியக் கொள்கையோடு சேர்ந்த தர அளவு. இத்தனை வேலைக்கு நடுவில் அந்த ஒருவர் முழு நேரமும் குழந்தைகளோடு இருப்பதே இல்லை.

அதனால் இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படும் ஆய்வு வெளிநாட்டுடையது இல்லை. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளிலேயே நடந்தது. கார்த்திக் முரளிதரன், அலெஹாண்ட்ரோ கானிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூவரும் செய்தது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மையங்களில், முன்பருவக் கல்விக்கென்றே அரை நேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக நியமித்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதம் கழித்துச் சோதித்தபோது மையத்தில் தொடர்ந்த குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறியிருந்தார்கள். மொழியில் முன்னேற்றம் இன்னும் கூடுதல். பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலையில் கூடுதல் நேரம் கிடைத்தது. வளர்ச்சி குன்றிய குழந்தைகளும், கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளும் அந்த மையங்களில் குறைவாகவே இருந்தார்கள். செலவைவிடப் பலன் பல மடங்கு என்பது அவர்கள் கணக்கு. புதிய செயலியும் புதிய பயிற்சிப் புத்தகமும் தருவதற்கு முன், அரசு இதைச் செய்ய வேண்டும். இன்னொரு ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

ஆள் இருந்தால் இன்னொன்றும் நடக்கும். பேசாத குழந்தை கண்ணில் படும். கூட்டமாகப் பாடும்போது வாயை மட்டும் அசைக்கும் பிள்ளையை யாரும் கண்டுபிடிக்க முடியாது. தனியாக நாலு வார்த்தை பேசிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு வயதாகியும் மழலை ஒலியோ சைகையோ இல்லை, 16 மாதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துச் சொல்லவில்லை, வந்த பேச்சு நின்றுவிட்டது என்றால் காத்திருக்கக் கூடாது. "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்ற சமாதானத்தில் விலைமதிப்பற்ற மாதங்கள் போய்விடுகின்றன.

முதலில் காதைப் பார்க்க வேண்டும். அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வடியும் குழந்தைக்கு அரைகுறையாகத்தான் கேட்கும். பின்னாலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள், திரும்புகிறதா என்று. குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் வர வேண்டும். அந்த நாளில் இந்தப் பிள்ளை விடுப்பில் இருக்காமல் பார்த்துக்கொள்வதே பெரிய உதவி. அவர்கள் எழுதிக் கொடுத்தால் வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட அளவிலான இடையீட்டு மையத்தில் செவித்திறன் சோதனையும் பேச்சுப் பயிற்சியும் இலவசம். கேட்கும் திறன் மிகவும் குறைவு என்றால் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது. எவ்வளவு சின்ன வயதில் செய்கிறார்களோ அவ்வளவு நல்லது. இந்த அலைச்சலுக்கு நடுவே குழந்தையை மையத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிட வேண்டாம். பேச்சுப் பயிற்சியாளர் சொல்லித் தந்ததை ஒரு தாளில் எழுதி டீச்சரிடமும் ஆயாம்மாவிடமும் கொடுங்கள். எதிரே உட்கார்ந்து, முகம் தெரியும்படி, ஒரு நேரத்தில் ஒரு விஷயமாக, கையில் இருக்கும் பொருளைப் பற்றி அவர்கள் பேசட்டும். பயிற்சியாளரைப் பார்ப்பது வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோதான். ஆயாம்மாவை அந்தக் குழந்தை தினமும் பார்க்கிறது.